ஜாமக்காரன் எங்கே போனான்?

மொழிபெயர்ப்பை எதிர்பாராமலே நம் இல்லங்களுக்குள் நுழைந்து குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்களுள் 'வாட்ச்' ஒன்று. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் அது வாட்ச். வாயிலில் நாற்காலி போட்டு இரவெல்லாம் அமர்ந்திருப்பவர் வாட்ச்மேன். ஐயத்துக்குரிய ஒருவரை மறைவாக நோக்கி வந்தால் அவரை 'வாட்ச் பண்ணுகிறோம்'. ஒரே சொல் பொருளாகவும், ஆளாகவும், செயலாகவும் நம்மிடையே உலவுகிறது. இம்மூன்றுக்கும் உள்ள உறவு என்ன என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், அந்தச் சொல்லின் வரலாறு நம் மறைநூல் மொழிபெயர்ப்புகளையும், நம் பங்குகளில் வாழும் உழைப்பாளரின் இரவுகளையும் தொட்டுச் செல்வதைக் காண்கிறோம். அதனாலேயே இச்சொல்லாராய்ச்சியை இவ்விதழில் மேற்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழம்பொருள் 'தூங்காதிருத்தல்' என்பதே. விழித்தெழுதலைக் குறிக்கும் 'வேக்' என்ற சொல்லும் இதுவும் ஒரு வேரில் கிளைத்தவை. தூங்காதிருப்பவன் காவல் காப்பவன் ஆனான். எனவே சொல் காவலைக் குறித்தது. ஒருவன் காவல் காக்கும் கால அளவும் அப்பெயர் பெற்றது. கப்பலோட்டிகள் தம் நான்கு மணி நேரப் பணியை இன்றும் இப்பெயராலேயே அழைக்கின்றனர். பின்னர், நேரத்தைக் காட்டும் சிறு கருவியும் அதே பெயரை ஏற்றது. விழிப்பு, காவல், காலப்பகுதி, கருவி, பார்வை என ஐந்து பொருள்கள் ஒரே சொல்லில் அடங்கி நிற்கின்றன. ஆங்கிலேயர் ஒருவர் நற்செய்தியில் இச்சொல்லைப் படிக்கும்போது, இவ்வைந்தின் ஓசையும் அவர் செவியில் மெல்லவேனும் ஒலிக்கும்.

தமிழுக்கு இப்பொருள்களில் ஒன்றும் புதிதன்று. நம் முன்னோர் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாளை அறுபது நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு யாமம். அதுவே பேச்சுவழக்கில் சாமம், ஜாமம் என்றாயிற்று. நீர்க்கலம் கொண்டு நேரம் கணித்து அரசனுக்கு அறிவிப்போரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. மழை பெய்யும் நள்ளிரவிலும் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காப்பாளரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. கைக்கடிகாரம் என்று நாம் வழங்கும் சொல்லில் நாழிகையைக் குறித்த 'கடிகை' இருக்கிறது. 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் பல பொருள்களுள் 'காப்பு' என்பதும் ஒன்று. கடிகை வேறு, இந்தக் கடி வேறு. இரண்டையும் ஒரே வேரெனக் கொள்ளுதல் தவறு. ஆயினும் நேரமும் காவலும் ஓரொலியில் வந்து சந்திக்கும் இவ்விந்தையைச் சுவைக்காமல் இருக்க இயலவில்லை.

ஆக, ஆங்கிலம் ஒரு சொல்லில் முடிந்து வைத்திருப்பதைத் தமிழ் விழிப்பு, காவல், சாமம், கடிகாரம், பார்வை என ஐந்து சொற்களில் பிரித்து வைத்திருக்கிறது. இது குறையன்று. ஐந்தாகப் பிரித்து வைத்திருப்போர், அவற்றுக்கிடையே உள்ள உறவை நினைவில் இருத்த வேண்டும் என்பதே கடமை. அந்த நினைவு நழுவும்போதுதான் இழப்பு நேர்கிறது.

சென்னைக்கே உரிய ஒரு சான்று இவ்வுறவைத் தெளிவாக்கும். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வுக்கூடத்தில், அலுவலர்கள் இரவெல்லாம் விழித்திருந்து விண்மீன்களை நோக்கினர். அந்நோக்கின் பயனாகக் கடிகாரங்களைத் திருத்தினர். அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும் அத்தகைய உழைப்பினாலேயே. அக்கூடம் கணித்த 'சென்னை நேரம்' தந்தி வழியாகச் சென்று இரயில்களை நடத்திற்று. 1906 முதல் இந்தியப் பொதுநேரம் வழக்குக்கு வரும்வரை அதுவே பெருவழக்கு. இரயில் நிலையத்துச் சுவர்க்கடிகாரத்தின் பின்னால் இமை மூடாத ஒரு மனிதன் இருந்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

*

இனி, கவரைப்பேட்டைக்கு வருவோம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே, சென்னையிலிருந்து வடக்கே ஓடும் இருப்புப்பாதையின்மீதும் கொல்கத்தா நெடுஞ்சாலையின்மீதும் அமைந்த ஊர் இது. கிழக்கே பழவேற்காடு, அங்கே 1515-ஆம் ஆண்டு முதல் நினைவுகூரப்படும் மகிமை மாதா ஆலயமும், நிழலைக் கொண்டு தொழுகை நேரம் காட்டும் பள்ளிவாசல் கடிகாரமும் உள்ளன. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் இரவு பகல் பாராது இயங்கும் இடம். கதிரவன் நிழலால் நேரம் அறிந்த கடற்கரைக்கும், சங்கொலியால் நேரம் அறியும் ஆலைக்கும் நடுவே இவ்வூர் நிற்கிறது.

இத்தகைய ஊரில் 'வாட்ச்' என்ற சொல் எந்தெந்தப் பொருளோடு வந்து சேர்ந்தது? முதலில் கருவியாக வந்தது. 1961-இல் பெங்களூரில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரம் ஒரு தலைமுறையின் மணிக்கட்டை அலங்கரித்தது. திருமணப் பரிசு என்றால் அதுவே. பின்னர் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் நிறுவிய டைட்டன், ஒசூரிலிருந்து வந்து அவ்விடத்தைப் பிடித்தது. 2016-இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. இரண்டாவதாக, இச்சொல் பணியாளாக வந்தது: ஆலை வாயிலில் வாட்ச்மேன். இப்போது அவரைச் 'செக்யூரிட்டி' என்கிறோம். சீருடை மாறிற்று, நாற்காலி மாறவில்லை. மூன்றாவதாக, உளவாக வந்தது: கூரையில் பொருத்திய படக்கருவி வேலையாளை 'வாட்ச் பண்ணுகிறது'.

கருவி, பணியாள், உளவு ஆகிய மூன்றையும் கடன் வாங்கினோம். கடன் கொடுத்த மொழியில் இச்சொல்லின் உயிராக இருந்த விழித்திருத்தலையும், இரவைப் பகுத்துக்கொள்ளும் சாமத்தையும் வாங்கவில்லை. நம்மிடமே அவற்றுக்குச் சொற்கள் இருந்தமையால் வாங்கத் தேவை எழவில்லை எனலாம். ஆயின், நம்மிடம் இருந்த சொற்களை நாம் என்ன செய்தோம்? இவ்வினாவுக்கு விடை காண மறைநூலைத் திறக்க வேண்டும்.

*

ஹென்றி பவர் தலைமையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகி, சீர்திருத்தச் சபையினர் வழிவழியாகப் படித்துவரும் பழைய மொழிபெயர்ப்பில் 'ஜாமக்காரன்' என்றொரு சொல் வருகிறது. இரவு எவ்வளவு கழிந்தது என்று எசாயா நூலில் ஒரு குரல் கேட்பது அவனிடமே. விடியலை எதிர்நோக்குவோருக்கு உவமையாகத் திருப்பாடல் 130 காட்டுவதும் அவனையே. ஜாமக்காரன் என்னும் சொல்லில் காலமும் ஆளும் பிரியாமல் நிற்கின்றன. அவன் நேரத்தைக் காப்பவன். நேரம் முடியும்வரை ஊரைக் காப்பவன். நேரம் முடிந்ததும் அடுத்தவனை எழுப்பிவிட்டுத் தூங்கச் செல்பவன். ஆங்கிலச் சொல்லின் ஐந்து பொருள்களில் நான்கையேனும் இவ்வொரு தமிழ்ச் சொல் சுமக்கிறது.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்க, 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு நம் வழிபாட்டுக்குச் செய்த தொண்டு பெரிது. வடசொல் மிகுந்த நடையிலிருந்து மறைநூலை மீட்டு, இன்றைய இளைஞர் நாவிலும் எளிதாக உருளும் தமிழில் தந்தது. அந்நன்றியை நெஞ்சில் இருத்தியே இக்குறையைச் சொல்கிறோம்: அதே திருப்பாடலில் ஜாமக்காரர் மறைந்து, 'காவலர்' வந்து அமர்ந்துள்ளார். தமிழ்நாட்டில் இன்று காவலர் என்றால் யார்? காவல் நிலையத்தில் பணிபுரியும் அரசு ஊழியர். அவரும் இரவில் உழைப்பவரே; அவர் பணியை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயின், விடியலுக்காக ஏங்குபவர் என்ற படிமம் அச்சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுவதில்லை; அதிகாரத்தின் படிமமே எழுகிறது. கம்பளி போர்த்தி, கோலும் விளக்குமாக, கிழக்கு வெளுக்காதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எளியவர் பாட்டிலிருந்து வெளியேறிவிட்டார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. திருப்பாடல் 90-இல் 'சாமம்' என்ற சொல்லைப் பொது மொழிபெயர்ப்பு தக்க வைத்திருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடல்மீது நடந்துவரும் நேரத்தைக் குறிக்கும்போதோ, பழைய மொழிபெயர்ப்பின் 'நாலாம் ஜாமம்' நீங்கி, 'நான்காம் காவல்வேளை' என்றாகிறது. பழைய ஏற்பாட்டுக் காலத்து யூதர் இரவை மூன்றாகப் பகுத்தனர். கிதியோன் வரலாற்றில் நடுப்பகுதி என்று குறிக்கப்படுவது அதனாலேயே. உரோமையரோ நான்காகப் பகுத்தனர். நற்செய்தியாளர் பின்பற்றுவது இக்கணக்கையே. நம் பொதுவழக்கிலும் இரவுக்கு நாலு சாமம். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஆகவே, சாமம் என்ற சொல் உரோமைக் கணக்குக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. எபிரேயக் கணக்குக்கு ஓரளவே பொருந்துகிறது. பொருந்தாத இடத்தில் அதை வைத்துக்கொண்டு, பொருந்தும் இடத்தில் விட்டுவிட்டோம். நாலாம் சாமம் என்றால் நம் மீனவர்க்கும் உழவர்க்கும் விளக்கம் வேண்டியதில்லை; வலை இழுத்துக் கை சோர்ந்த நேரம், மாடு எழும் நேரம், இருளின் கடைசி மூன்று மணி நேரம் அது. 'காவல்வேளை' தெளிவான சொல்தான். ஆயின் அது புதிதாகக் கோத்த சொல்.

சாமம் என்ற சொல்லுக்கு எதிராகக் கூறத்தக்கதும் உண்டு. நடுச்சாமம், சாமக்கோடாங்கி என்ற வழக்குகளால் பேய்க்கதையின் நெடி அதில் ஏறிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அதனால் தயங்கியிருத்தல் கூடும். இத்தயக்கத்தை மதிக்கிறோம், ஏற்க முடியவில்லை. படகில் இருந்த சீடர்கள், தண்ணீரின்மீது வந்தவரைப் பேய் என்று எண்ணியே அலறினார்கள். அந்த அச்சம் குடியிருக்கும் சொல் அவ்விடத்துக்கு மிகையாகாது. அவ்விடத்துக்கென்றே பிறந்தது எனலாம்.

*

குறையைச் சொன்ன நாம் நிறையையும் சொல்லக் கடன்பட்டுள்ளோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், விழித்திருங்கள் என்ற கட்டளைக்குப் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. கிரகோரி என்று நம் பிள்ளைகளுக்கு இடும் பெயர் அவ்வினையடியாகப் பிறந்ததே. 'விழிப்புள்ளவன்' என்பது அதன் பொருள். பழைய மொழிபெயர்ப்பு அவ்வினையை 'விழித்திருங்கள்' என்ற ஒரே வடிவில் தருகிறது. பொது மொழிபெயர்ப்போ மத்தேயு நற்செய்தியில் இடம் நோக்கி இரண்டாக்குகிறது. பத்துக் கன்னியர் உவமையின் முடிவில் 'விழிப்பாயிருங்கள்'. கெத்சமனித் தோட்டத்தில் 'விழித்திருங்கள்'.

இப்பிரிவு எத்துணைச் சரியானது என்பதை உவமையை மீண்டும் படித்தால் உணரலாம். மணமகன் வரத் தாமதித்தபோது தூங்கியவர் யார்? அறிவிலிகள் ஐவர் மட்டுமா? அல்லர். பத்துப் பேரும் தூங்கினர். அறிவுடையோரும் கண்ணயர்ந்தனர், அதற்காக அவர்களை யாரும் கடியவில்லை. வேறுபாடு எண்ணெயில் இருந்தது, இமையில் இல்லை. ஆகவே, இங்கே கேட்கப்படுவது உறக்கமின்மை அன்று, ஆயத்தம். இடைவிடாது இரவு ஷிப்டு பார்த்துவிட்டு ஞாயிறு காலைத் திருப்பலியில் மறையுரையின்போது தலைசாயும் தொழிலாளியை, ஐந்து அறிவிலிகளோடு சேர்த்து எண்ணுவோர் இவ்வுவமையை அரைகுறையாகவே கேட்டவர்கள். அவருடைய விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று நாம் அறிவோமா? அந்த எண்ணெய்க்காகவே அவர் இரவெல்லாம் உழைத்தாரோ?

கெத்சமனியில் நிகழ்வது வேறு. அங்கே ஆண்டவர் கேட்பது ஆயத்தம் அன்று, துணை. தம் வேதனையில் தம்மோடு தங்கியிருக்க மூன்று நண்பரை அழைக்கிறார். அவர்கள் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. வாளெடுக்க வேண்டாம், தீர்வு சொல்ல வேண்டாம். கண் திறந்திருந்தால் போதும். நோயுற்றவர் கட்டிலருகே இரவு முழுவதும் அமர்ந்திருக்கும் தாய்மார் இவ்விழிப்பின் பொருளை எந்த இறையியலாரினும் நன்கறிவர். ஆக, விழிப்பு இரு வகை: வருபவருக்காக ஆயத்தமாய் இருத்தல், துன்புறுபவரோடு துணையாய் இருத்தல். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் நுட்பம் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்கு இல்லை. நம் மொழிக்கு இருக்கிறது.

மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், வீட்டுத் தலைவர் வரக்கூடிய நேரங்களாக மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, காலை என நான்கும் வரிசையாகக் கூறப்படுகின்றன. நாலு சாமமும் அவையே. அடுத்த அதிகாரம் தொடங்கிப் பாடுகளின் வரலாற்றை இவ்வரிசையோடு ஒப்பிட்டுப் படியுங்கள். மாலையில் இராவுணவு, இருளில் தோட்டம், சேவல் கூவும் வேளையில் பேதுருவின் மறுதலிப்பு, காலையில் பிலாத்தின் முன்றில். ஒவ்வொரு சாமத்திலும் தலைவர் வந்து நின்றார்; ஒவ்வொரு சாமத்திலும் வீட்டார் தவறினர்.

*

இனிக் கண்காணிப்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஆயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'மேலிருந்து நோக்குபவர்' என்பது பொருள். பழைய மொழிபெயர்ப்பு அதைக் 'கண்காணி' என்று தந்தது. ஆன்மாக்களைப் பேணுபவரான கிறிஸ்துவையே பேதுருவின் முதல் மடல் அப்பெயரால் அழைக்கிறது. அதே நூற்றாண்டில், இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் தமிழரை ஆள்சேர்த்து அழைத்துச் சென்று, முன்பணக் கடனால் கட்டி, வரிசையில் நிறுத்தி வேலை வாங்கியவருக்கும் பெயர் கண்காணி. ஒரு பெயர், ஒருபுறம் மேய்ப்பர், மறுபுறம் மேலாள். தோட்டத் தொழிலாளியின் செவியில் அம்மடல் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நோக்குதல் இருவகைப்படும் என்பதை இச்சொல் கற்பிக்கிறது. ஒருவருக்காக நோக்குவது காவல். ஒருவர்மேல் நோக்குவது உளவு. தொட்டிலருகே உள்ள தாயின் கண்ணும், ஆலைக் கூரையில் உள்ள கருவியின் கண்ணும் இரண்டும் இமைப்பதில்லை. ஆயின், குழந்தை அழுதால் தாய் எழுந்து வருவாள். தொழிலாளி மயங்கி விழுந்தால் கருவி அதையும் பதிவு செய்துகொள்ளும், அவ்வளவே. பங்கிலும் குடும்பத்திலும் நாம் ஒருவர்மீது ஒருவர் செலுத்தும் பார்வை இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்று ஆய்ந்து பார்ப்பது நன்று.

காவலுக்கு இன்னொரு கூறும் உண்டு; அது சொல்லுதல். எசேக்கியேல் நூலின் 33-ஆம் அதிகாரம் இதை ஐயமற உரைக்கிறது. வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலாளியிடம், மாண்டவரின் இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கப்படும். பார்த்தால் மட்டும் போதாது, எழுப்ப வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயொன்றிலிருந்து அமோனியா கசிந்தபோது, நெடியால் விழித்த மக்கள் கதவு தட்டி ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்விரவில் அந்த மீனவக் குப்பத்துக்கு ஜாமக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. முதலில் இருமியவரே ஜாமக்காரர்.

கவரைப்பேட்டையும் அத்தகைய ஓர் இரவை அறியும். 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவு இரயில், முதன்மைப் பாதைக்கு உரிய சைகை பெற்றும் கிளைப்பாதையில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு இரயிலின்மீது மோதிற்று. பெட்டிகள் தடம் புரண்டன, ஒன்று தீப்பிடித்தது, பயணிகள் சிலர் காயமுற்றனர். இறையருளால் உயிரிழப்பு இல்லை. ஊர்மக்கள் இருளில் ஓடிவந்து உதவினர்; பயணிகள் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, வேறு இரயிலில் பயணம் தொடர்ந்தனர். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோரில், இதைப் போலவே கிளைப்பாதையில் புகுந்த இரயிலால் 290-க்கும் மேற்பட்டோர் மாண்டதை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது.

இருப்புப்பாதையில் விழிப்பு என்பது எந்தத் தனிமனிதரின் உடைமையும் அன்று. தண்டவாளத்தில் நடந்து ஆணிகளைச் சோதிக்கும் கீமேன், மழைக்காலத்தில் ஆபத்தான இடங்களில் நிறுத்தப்படும் காவலாள், நிலைய அதிபர், ஓட்டுநர், கடைசிப் பெட்டியில் செல்லும் கார்டு என அது கைமாறி வரும் விளக்கு. காவலர் என்றே பொருள்படும் 'கார்டு' என்னும் பெயரை 2022 ஜனவரியில் 'ட்ரெயின் மேனேஜர்' என்று மாற்றினர். பதவிக்கு மதிப்புக் கூட்டும் நல்லெண்ணம் அதில் உண்டு. ஆயினும், மேலாண்மை என்ற சொல் ஏற, காத்தல் என்ற சொல் ஒரு படி இறங்கியதை மொழியை நேசிப்போர் கவனிக்காமல் இருக்க முடியாது.

*

கைமாறி வரும் விளக்கு என்றோம். சாமம் என்ற சொல்லின் உட்பொருளே அதுதான். இரவை ஏன் நான்காகப் பகுத்தார்கள்? எந்த மனிதனும் இரவு முழுவதும் விழித்திருக்க இயலாது என்பதை அறிந்ததால். உரோமைப் படை இரக்கத்துக்குப் பெயர் பெற்றதன்று. அதுவே தன் வீரனிடம் ஒரு சாமத்துக்கு மேல் கேட்கவில்லை. நம் ஆலை வாயில்களிலோ அடுக்குமாடி வாயில்களிலோ அமர்ந்திருப்பவர், மாலை தொடங்கிக் காலை வரை நாலு சாமத்தையும் தாம் ஒருவராகவே விழித்துக் கழிப்பது பெருவழக்கு. வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தபின் மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் வென்றன, மகிழ்கிறோம். ஆயின், வாயிற்காவலர் பலருக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எந்தச் சட்டத்திருத்தத்துக்காகவும் காத்திருக்கவில்லை. ஜாமக்காரன் நம் மொழியிலிருந்து போனபோது, சாமம் என்ற பகுப்பில் இருந்த இரக்கமும் உடன் போயிற்றோ என்று அஞ்சுகிறோம்.

சிலர் கேட்கலாம்: சொல்லை மாற்றினால் வாழ்வு மாறுமா? உடனே மாறாது. ஆயினும், பெயரற்றவரை நினைப்பது கடினம். பெரிய வியாழன் இரவில் நற்கருணை முன் நாம் மணிக்கொரு அன்பியமாக முறைவைத்து விழித்திருக்கிறோம். அம்முறைவைப்பு உண்மையில் சாமப் பகுப்பே. அதே இரவில், நம் பங்கைச் சேர்ந்த சிலர் ஆலை வாயிலில் விழித்திருக்கின்றனர். அவர்களை வராதவர்கள் என்று கணக்கிடுகிறோம். அவர்களும் ஒரு சாமத்தை ஏற்றவர்கள் என்று கணக்கிட்டால் என்ன? பாஸ்கா திருவிழிப்பின் பொது மன்றாட்டில், அவ்விரவில் பணியில் இருப்போருக்காக ஒரு மன்றாட்டுச் சேர்ப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. நினைவு ஒன்றே தேவை. மொழிபெயர்ப்பைத் திருத்தும் வாய்ப்பு அமையும்போது, திருப்பாடல் 130-இல் 'சாமக்காவலர்' என்று ஒரு முன்னொட்டைச் சேர்க்குமாறு அறிஞர்களை வேண்டுகிறோம். காவலரை நீக்க வேண்டாம். அவர் கையில் அவருடைய இரவைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இறுதியாக ஒன்று. ஆண்டவர் நகரைக் காவாவிடில் காவலர் விழித்திருப்பது வீண் என்கிறது திருப்பாடல் 127. இவ்வசனத்தைக் காவலரின் உழைப்பை இகழ்வதாகக் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. இஸ்ரயேலைக் காப்பவர் உறங்குவதுமில்லை, கண்ணயர்வதுமில்லை என்று திருப்பாடல் 121 கூறுகிறது. அங்கே கடவுளுக்கு வரும் எபிரேயச் சொல்லும், விடியலை நோக்கும் எளிய காவலனுக்கு வரும் சொல்லும் ஒன்றே. விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி செல்கிறது: எகிப்திலிருந்து மக்களை வெளிக்கொணர்ந்த இரவில், முதலில் விழித்திருந்தவர் ஆண்டவர், ஆகவேதான் மக்களும் தலைமுறைதோறும் அவ்விரவில் விழித்திருக்கின்றனர். அடிமைகளை விடுவிக்கக் கடவுள் ஏற்ற இரவுப் பணி அது. நம் திருவிழிப்பின் வேர் அங்கே இருக்கிறது. நாலு சாமத்தையும் தாமே ஏற்கும் ஒருவர் இருப்பதால், மனிதர் ஒருவருக்கொருவர் சாமம் மாற்றிக்கொண்டு சற்றே கண்ணயரலாம். இரவு எவ்வளவு கழிந்தது என்று கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. அடுத்த சாமம் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.